வெள்ளைத் துணியில் இல்லாத ஆள்

ஸ்பெயின் தேசத்து ஓவியங்கள் நாற்பத்து மூன்றும் மரப்பெட்டிகளுக்குள் படுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து இறங்கிய வருஷத்தில் ஊரில் வேறு விசேஷம் ஒன்றுமில்லை. மழை அளவாகப் பெய்தது, உப்பு வழக்கம்போல விளைந்தது, மாதா கோயில் தேர் நேரத்துக்குப் புறப்பட்டு நேரத்துக்கு நிலைக்கு வந்தது. அதனாலேயே ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைப் படம் வந்த வருஷம் என்றுதான் சொல்கிறார்கள். செல்போன் இன்னும் ஊருக்குள் வந்திருக்கவில்லை.

கடற்கரைச் சாலையில் முன்பு பஞ்சுப் பொதிகள் அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியை வெள்ளையடித்து, பலகைகளால் ஐந்து அறைகளாகத் தடுத்து, அந்த ஓவியங்களை வருஷ வரிசைப்படி மாட்டினார்கள். முதல் அறையில் மனிதர்கள் மனிதர்கள் மாதிரியே இருந்தார்கள், வெயில் வெயில் மாதிரியே அடித்தது. இரண்டாவது அறையில் மனிதர்கள் உடைந்த ஓட்டுத் துண்டுகளாகிப் போயிருந்தார்கள். மூன்றாவது அறையில் கனவில் வருவதுபோலத் தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக அலைந்தார்கள். நான்காவது அறையில் ஆளே இல்லை, மணலையும் தாரையும் குழைத்துத் துணியில் அப்பியிருந்தார்கள். ஐந்தாவது அறையில், கடைசிச் சுவரில், இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணி மட்டும் தொங்கியது. அதில் ஒரு கோடுகூட இல்லை. ஒரு தேசத்துக்காரர்கள் நூறு வருஷத்தில் வரைந்து வரைந்து எங்கே வந்து சேர்ந்தார்கள் என்று காட்டுவதுதான் அந்தக் கண்காட்சியின் நோக்கம் என்று, கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவரும் கண்காட்சிக் குழுவின் செயலாளருமான கனிசியுஸ் எல்லோருக்கும் விளக்கினார்.

படங்களோடு கூட வந்த இனேஸ் என்ற ஸ்பெயின்கார அம்மாள் மஞ்சள் காமாலை கண்டு சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். அவள் கொடுத்தனுப்பிய புத்தகத்தில் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் எழுதியிருந்தது. எல்லாம் ஸ்பானிஷ் மொழியில் இருந்தது. அதைப் பார்த்துக் கனிசியுஸ் கொஞ்சமும் கவலைப்படவில்லை. ஊரில்தான் லியோன் மச்சாது இருக்கிறாரே.

மச்சாதுவை ஊரில் ஸ்பெயின் மச்சாது என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஸ்பெயினில் இருந்துவிட்டு வந்தவர், திரும்பி வந்து டைப் இன்ஸ்டிட்யூட் வைத்து ஊர்ப் பெண்பிள்ளைகள் பாதிப் பேருக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர், யாரையும் கடிந்து பேசாதவர். கல்யாண வீடுகளில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஊரில் சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று கேட்பார்கள். அவரும் சொல்வார். சொன்னதில் ஒன்றுகூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

உண்மை இதுதான். கடலோரத்தில் பிறந்தும் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே மச்சாதுவுக்கு வயிற்றைப் புரட்டும். அவருடைய அம்மா அதை யாருக்கும் தெரியாமல் மறைத்து, பையன் படிக்கிற பிள்ளை என்று சொல்லி வளர்த்தாள். இருபத்து நாலு வயதில் கொச்சியிலிருந்து புறப்படும் கப்பலில் சமையல்கட்டு வேலை கிடைத்து, அதே தெருவைச் சேர்ந்த சிலுவையோடு ரயிலேறிப் போனார். சிலுவைக்கு வேலை இல்லை, ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வந்தவன். கப்பல் ஏணியில் பாதி ஏறியதும் கீழே கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் கறுப்பாக ஆடுகிற தண்ணீரை மச்சாது பார்த்தார், இறங்கிவிட்டார். அவருடைய இடத்தில் சிலுவை ஏறிப் போனான். மச்சாது பம்பாய்க்குப் போய் ஒரு ஓட்டலின் பின்கட்டில் மூன்று வருஷம் எச்சில் தட்டுக் கழுவிவிட்டு ஊருக்கு வந்தார். ரயில் நிலையத்தில் அவரைப் பார்க்க ஒரு தெருவே நின்றது. முன்னால் நின்றவள் சிலுவையின் மனைவி பிரகாசி. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"எங்க வீட்டுக்காரவுக செத்துப்போனாகன்னு தந்தி மட்டும்தான் வந்துச்சு அண்ணன்," என்றாள். "நீங்க ஒரே கப்பல்ல இருந்திய. எங்க அடக்கம் பண்ணினாவ?"

சிலுவை செத்துப்போன விஷயம் அந்த நிமிஷம்வரை மச்சாதுவுக்குத் தெரியாது. பெட்டியைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினில் ஒரு சின்ன ஊரில், ஆரஞ்சு மரத்தடியில், தானே குழியில் மூன்று பிடி மண் போட்டதாகச் சொன்னார். பிரகாசி அவர் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இரண்டாம் தேதி, எல்லோரும் கல்லறைக்குப் போய்த் தங்கள் ஆட்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற அன்றைக்கு, ஏற்றக் கல்லறையில்லாத பிரகாசி அவர் வீட்டுக்கு வந்து உட்காருவாள். "சொல்லுங்க அண்ணன்," என்பாள். அவர் சொல்வார். போன வருஷம் சொன்னதையே சொன்னால் அவள் முகம் வாடிவிடுகிறது என்று வருஷத்துக்கொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தார். இரும்புச் சிலுவை ஒன்று, சுற்றிலும் கல்வேலி, காலையில் வந்து உட்காரும் புறாக்கள், தினமும் பூ வைக்கும் ஒரு கிழவி. அவள் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேக்கரியில் மக்ரூன் என்ற இனிப்புக்கு முட்டையின் வெள்ளைக் கருவைப் பிரித்துக்கொடுக்கும் வேலை செய்தாள். அந்தக் கல்லறையை வைத்துக்கொண்டு இருபத்துமூன்று வருஷம் வாழ்ந்துவிட்டாள்.

இப்போது கனிசியுஸ் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "ஒரு வாரம் போதுமாவே?" என்று கேட்டபோது, முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆறு நாள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஏழாவது நாள் தமிழ் டைப்ரைட்டரில் கெட்டி அட்டையைச் சொருகிக்கொண்டு, படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததை அடிக்க ஆரம்பித்தார். வெள்ளைக் குடையோடு கடற்கரையில் நிற்கும் பெண்ணுக்கு 'மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருப்பவள்' என்று அடித்தார். துண்டு துண்டாக உடைந்து கிடந்த கித்தார்க்காரனுக்கு 'வலை தைக்கும் படகுச் சம்மாட்டி, கோபமாக இருக்கிறார்' என்று அடித்தார். ஒற்றைக் கண்ணோடு பறந்த ஏதோ ஒன்றுக்கு 'பசியோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை'. மணலும் தாரும் அப்பிய துணிக்கு 'உப்பளம், நடு மத்தியானம்'. கடைசி வெள்ளைத் துணிக்கு என்ன எழுதுவதென்று வெகுநேரம் தோன்றவில்லை. அவர் விரல்கள் களைத்திருந்தன. அடித்த பிறகுதான் என்ன அடித்தோம் என்று பார்த்தார். 'கடலுக்குப் போனவர்கள்.'

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி திறந்தது. திங்கட்கிழமை காலையில் காவல்காரர் சந்தியாகு கதவைத் திறந்து உள்ளே போனபோது, இரண்டாவது அறையில் கித்தார்க்காரன் கித்தாரைக் கீழே வைத்துவிட்டு மடியில் வலையைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தான். முகம் அப்போதும் ஓட்டுத் துண்டுகளாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு துண்டிலும் கோபம் இருந்தது. சந்தியாகு மறுபடி கதவைப் பூட்டிவிட்டு எதிர்த்த கடைக்குப் போய் டீ குடித்தார்.

"படம் எல்லாம் நல்லா இருக்கா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"நேத்து புதுசா வந்ததால கூச்சப்பட்டுச்சு போல. இன்னைக்குத்தான் சரியா நிக்கிது," என்றார் சந்தியாகு.

ஊரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. புது மருமகள் வந்த அன்றைக்குச் சிரிப்பாளா, நாலு நாள் போக வேண்டாமா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அட்டையில் எழுதியிருந்தபடிதானே படம் இருக்கிறது, அப்புறம் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கனிசியுஸே சொன்னார். குடைப்பெண்ணின் தலையில் மல்லிகைப்பூ ஏறியிருந்தது. அவளைப் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லையா, இப்படி வெயிலில் நிற்கவைக்கிறவர்கள் வீட்டுக்கு ஒரு பெண்ணைக் கொடுக்கலாமா என்று அவளுக்காகக் கோபப்பட்டார்கள். நான்காவது அறைக்குள் போனவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வியர்த்து வெளியே வந்தார்கள், உப்பளத்துக்காரர்கள் ஓலைத்தொப்பியோடு உள்ளே போய், வெயில் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும் என்று திருத்தம் சொன்னார்கள். பசியோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பெண்கள் பன்னும் வாழைப்பழமும் கொண்டுவந்து படத்துக்குக் கீழே வைத்தார்கள். சாயங்காலம் அவற்றைச் சந்தியாகு சாப்பிட்டார், பிள்ளைக்கு மறுநாள் கன்னத்தில் சதை பிடித்தது. சாப்பிட்டது யாராயிருந்தால் என்ன என்று அவரும் பிள்ளையும் அதை விட்டுவிட்டார்கள்.

மச்சாதுவுக்கு மட்டும் ஒவ்வொரு காலையும் அந்த வாசலைத் தாண்டுவது பெரும்பாடாக இருந்தது. தான் சொன்ன பொய்யைக் கேட்டுவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் அத்தனை படங்களும் அதன்படி நடந்துகொள்வதைப் பார்க்க அவருக்குக் கூசியது. அவற்றின் முன்னால் நின்று விளக்கம் சொல்லும்போது தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதை ஊர்க்காரர்கள் அடக்கம் என்று நினைத்தார்கள்.

வெள்ளைத் துணி மெதுவாகத்தான் மாறியது. நான்காம் நாள் அதில் தூரத்தில் அலை தெரிந்தது. ஐந்தாம் நாள் வள்ளங்களும் தோணிகளும் கப்பல்களும் தெரிந்தன. ஆறாம் நாள் அவற்றில் ஆட்கள் இருந்தார்கள், கிட்டப்போய்ப் பார்த்தால் முகம் தெரிந்தது, முகம் தெரிந்ததும் பெயரும் தெரிந்தது. உயிரோடு இருப்பவர்களும் இல்லாதவர்களுமாக, அந்த ஊரிலிருந்து கடலுக்குப் போன ஒவ்வொருவரும், அவரவர் கடைசியாகக் கடலில் இருந்த நாளில் எப்படி இருந்தார்களோ அப்படி அதில் இருந்தார்கள். ஒருவர் தண்ணீர் இறைத்தார். ஒருவர் பீடி பற்றவைக்கக் காற்றுக்கு முதுகைக் காட்டினார். திரேசா என்பவள் பதினோரு வருஷமாகத் திரும்பாத தன் மகனைப் பார்த்தாள். அவன் தூக்குவாளியைத் திறந்து, அன்றைக்கு அவள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். கூட்டம் தாங்காமல் போனதால், திங்கள் இந்தத் தெரு, செவ்வாய் அந்தத் தெரு என்று கோயிலில் அறிவித்தார்கள். ஓய்வுபெற்ற மாலுமிகள் வந்து தங்கள் இளவயது முகத்தைத் துணியில் தேடிக் கண்டுபிடித்து, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்.

அப்படித் தேடியவர்களில் ஒருவர்தான் முதலில் கேட்டார். "மச்சாது, உம்மைக் காணமே?"

ஆட்கள் தேடினார்கள். கப்பல் கப்பலாகப் பார்த்தார்கள். சிலுவை போன கப்பல், பக்கவாட்டில் எழுதிய பெயரோடு, மேல்மூலையில் இருந்தது, அதில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள், மச்சாது இல்லை. மச்சாதுவுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. இதோ, இப்போது கேட்டுவிடுவார்கள் என்று காத்திருந்தார். ஆனால் கனிசியுஸ் அவர் தோளில் கையைப் போட்டு, "எழுதின ஆள் இவர்தானே, தன்னை எப்படிச் சேப்பாரு? அவ்வளவு பெருந்தன்மை," என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவர்கள் அவரைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

பிரகாசி தன் தெருவின் முறை வந்தபோது பேக்கரியிலிருந்து நேராக வந்தாள். துணியின் மேல்மூலையைப் பார்க்க முக்காலி போட்டு ஏறினாள். வெகுநேரம் இறங்கவில்லை. அங்கே கப்பலின் ஓரத்தில் ஒரு பலகை சாய்த்துவைத்திருந்தது, பலகையில் கித்தான் துணியில் வைத்துத் தைத்த ஓர் ஆள் உயரப் பொதி இருந்தது, சுற்றி நின்றவர்கள் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்கள், கீழே கடல் இருந்தது. தைக்காமல் விட்ட ஓரத்தில் சிலுவையின் கால்விரல்கள் தெரிந்தன.

அவள் இறங்கி வந்து மச்சாதுவைத் தேடிப் பிடித்தாள். "அண்ணன், கடல்லயா போட்டாவ?" என்றாள். "ஆரஞ்சு மரம்?"

உண்மையைச் சொல்ல அது ஒரு நேரம். கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"படம்தானே பிரகாசி," என்றார். "படம் வரையுறவன் மனசுபோல வரைவான். நான் கண்ணால பாத்தவன். அது பொய்."

அவள் முகம் தெளிந்தது. அவரை அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்கவும் இல்லை. அடுத்த நாளிலிருந்து கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் துணி பொய் சொல்கிறது என்றாள். திரேசாவிடம், "உன் மகன் சோறு சாப்பிட்டதும் பொய்தான், கண்ட படத்தையும் நம்பாத," என்றாள். திரேசா அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாள். தங்கள் ஆட்களைத் துணியில் கண்டுபிடித்துக் கொஞ்சம் ஆறுதலாக இருந்த அத்தனை வீட்டுக்காரர்களும் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவள் அதற்கெல்லாம் அசையவில்லை. மச்சாது அண்ணன் கண்ணால் பார்த்தவர் என்று ஒற்றை ஆளாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் ஒரு காலையில் மச்சாதுவின் மனைவி ரெஜினா அவர் முன்னால் இட்லித் தட்டை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளை உங்களுக்காக ஊரையே பகைச்சுக்கிட்டு நிக்கிது," என்றாள். "இன்னும் எத்தனை நாளைக்கு?"

"எதச் சொல்லுத?"

"நீங்க தூக்கத்துல இந்தியில பேசுவிய. தட்டு கைதவறி விழுந்துட்டுன்னு யார்கிட்டயோ கெஞ்சுவிய. எனக்கு இந்தி தெரியாது. எதுத்த வீட்டுல இருந்த ரயில்வேக்காரர் சம்சாரத்துகிட்ட வார்த்தையச் சொல்லி அர்த்தம் கேட்டுக்கிட்டேன். நமக்குக் கல்யாணமான மூணாம் மாசம்."

மச்சாது பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார். "ஏன் கேக்கல?" என்றார்.

"நான் எதுக்குக் கேக்கணும்? நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன்." அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் அவளுக்கு முன்னால் தான் ஸ்பெயின் கதை பேசியதை அவர் நினைத்தார். அவள் விருந்தாளிகளுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்ததையும் நினைத்தார். அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை.

பதினைந்தாம் நாள் காலை, காமாலை தெளிந்தும் தெளியாத கண்களோடு இனேஸ் வந்து சேர்ந்தாள். அவளை வரவேற்க ஊர் முழுக்கக் கிட்டங்கியில் கூடியிருந்தது. அவள் அறை அறையாக நடந்தாள். குடைப்பெண்ணின் பூவைப் பார்த்தாள், வலை தைப்பவனைப் பார்த்தாள், கன்னம் உப்பிய பிள்ளையைப் பார்த்தாள். கையிலிருந்த பட்டியலில் ஒவ்வொன்றாக ஏதோ குறித்தாள். வெள்ளைத் துணியின் முன்னால் வந்து வெகுநேரம் நின்றாள், பட்டியலை மடித்துவிட்டாள். பிறகு திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் கனிசியுஸிடம் என்னவோ கேட்டாள். கனிசியுஸ் பெருமையோடு மச்சாதுவை முன்னால் தள்ளினார். அவள் முகம் மலர்ந்து, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தன் மொழியில் கடகடவென்று பேச ஆரம்பித்தாள். கேள்வி மாதிரி ஒன்று கேட்டாள். பதிலுக்காக நின்றாள்.

கூட்டம் முழுக்க அமைதியானது. ஸ்பெயின் மச்சாது ஸ்பானிஷ் பேசப்போவதைக் கேட்க எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அந்த அமைதிக்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரகாசி முன்னால் வந்தாள்.

"அண்ணன், அந்த ஊர்ப் பேரைச் சொல்லி இந்த அம்மாகிட்டயே கேளுங்க," என்றாள். திரேசா நின்ற பக்கத்தைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினாள். "ஆரஞ்சு மரத்தடியில கல்லறை உண்டா இல்லையான்னு இவுக சொல்லட்டும். எல்லாரும் கேக்கட்டும்."

மச்சாது அந்த ஸ்பெயின்கார அம்மாளின் பிடியிலிருந்து கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"எனக்கு ஸ்பானிஷ் தெரியாது," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "ஸ்பானிஷ் தெரியாது. நான் அந்தத் தேசத்துக்குப் போனதில்ல. கப்பல்லயே போனதில்ல. கொச்சியில ஏணியில பாதி ஏறிட்டுப் பயந்து இறங்கிட்டேன். என் இடத்துலதான் சிலுவை போனான். நான் மூணு வருஷம் பம்பாயில தட்டுக் கழுவினேன். துணியில நான் இல்லாதது அதனாலதான். அட்டையில எழுதினது எல்லாம் நானாக் கட்டினது." பிரகாசியைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. அவளுடைய காலடியைப் பார்த்துச் சொன்னார். "கல்லறை கிடையாது தங்கச்சி. மரமும் கிடையாது. படம்தான் உண்மை."

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அதைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கனிசியுஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்காகத் தாங்கள் வெட்கப்பட்டவர்கள்போல ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் திரும்பி, ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்த படங்களை மறுபடி பார்க்க ஆரம்பித்தார்கள். பிரகாசி உயர்த்திய கையை இறக்கினாள். திரேசாவிடம் நடந்து போனாள்.

"உன் மகன் சாப்பிட்டுட்டுத்தான் போயிருக்கான்," என்றாள். "நான் சொன்னது தப்பு. மனசுல வைச்சுக்காத."

அதைச் சொல்லிவிட்டு மச்சாதுவின் பக்கம் திரும்பாமலே வெளியே போனாள். அவர் செய்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறாள் என்பது அங்கே இருந்தவர்களில் அவருக்குத்தான் முதலில் உறைத்தது.

உண்மையான பெயர்களை இனேஸ் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கனிசியுஸ் தமிழில் எழுதிக்கொடுக்க, அட்டைகளை மறுபடி அடித்தது மச்சாதுதான். ஊரில் தமிழ் டைப்ரைட்டர் வேறு யாரிடமும் இல்லை. வெள்ளைத் துணிக்கு மட்டும் ஊர்க்காரர்கள் ஒரு நாள் தவணை கேட்டார்கள், இனேஸ் கொடுத்தாள். அன்றைக்குத் தெரு முறை பார்க்காமல் எல்லோரும் வந்து தங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரேசா தன் மகனைப் பார்த்தபடியே கைகழுவும் கிண்ணம் ஒன்றைக் கீழே வைத்தாள். பிரகாசி காலையில் முக்காலியில் ஏறியவள் கதவு அடைக்கும்வரை இறங்கவில்லை. மறுநாள் 'தலைப்பில்லை' என்று அடித்த அட்டையை மச்சாது தன் கையாலேயே துணிக்குக் கீழே குத்தினார். மத்தியானத்துக்குள் அலைகள் போயின, கப்பல்கள் போயின, துணி வெறும் துணியானது. கித்தார்க்காரன் கித்தாரை எடுத்துக்கொண்டான். பெட்டிகளை மூடிக் கப்பலில் ஏற்றினார்கள்.

அதன்பிறகு மச்சாதுவை ஊரில் எப்படிக் கூப்பிடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்பெயின் என்ற சொல்லை அவர் காதில் விழாமல் பேசப் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் வழக்கம்போலத் தட்டச்சுக்கு வந்தார்கள், வணக்கம் சொன்னார்கள். கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் அவருக்குச் சங்கடம் கொடுக்கக்கூடாதென்று அடுத்த சந்தில் திரும்பினார்கள். அவர் நடக்கும் பாதை நாளுக்கு நாள் காலியாகிக்கொண்டே வந்தது.

ஒரு மாசம் கழித்து, காலை பதினோரு மணிக்கு, பிள்ளைகள் எல்லாம் போன பிறகு பிரகாசி இன்ஸ்டிட்யூட்டுக்குள் வந்தாள். முதல் வரிசை ஸ்டூலில் உட்கார்ந்தாள். மச்சாது எழுந்து நின்றார்.

"நான் சண்டைக்கு வரல," என்றாள். "ஒண்ணு கேக்கணும். கொச்சியில நீங்க இறங்குனிய, அவுக ஏறினாவ. அப்போ அவுகளப் பாத்தியளா? இல்ல, அதுவும் கட்டினதா?"

"பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"அதச் சொல்லுங்க. கூட ஒண்ணும் சேக்க வேண்டாம்."

இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பத்து நிமிஷத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கொச்சி தெரிந்துவிடும் என்று பயந்து, இருந்த ஒரே உண்மையை ஒளித்துவைத்துவிட்டு, அவளுக்குப் பொய்யாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னார்.

"நான் ஏணிக்குக் கீழ உக்காந்து வாந்தி எடுத்தேன். சிலுவை அவன் துண்டால என் வாயைத் துடைச்சுவிட்டான். நான் அழுதேன். என் வேலைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில வச்சுக்கிட்டான். 'ஊர்ல நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மக்கா, நீயே பிறகு சொல்லிக்கோ'ன்னான். ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறினான்."

அவள் தலையாட்டினாள். "சொல்லமாட்டாக," என்றாள். "சொன்னா சொன்னதுதான். அவ்வளவுதானா?"

மச்சாது இல்லையென்று தலையசைத்தார். "மேல போய்க் கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினான். உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னான். நான் இத்தனை வருஷமா அதச் சொல்லல."

பிரகாசி ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"'பிரகாசி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப ஒரு பச்சைச் சீலை கட்டிக்கிட்டு வந்தால்லா, அது அவளுக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லிரு. நேர்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு'ன்னான்."



"அது பச்சை இல்ல," என்றாள். "நீலம்."

மச்சாது திடுக்கிட்டு, "அவன் பச்சைன்னுதான்..." என்று தொடங்கினார்.

"தெரியும்," என்றாள். "அவுகளுக்கு நீலமும் பச்சையும் ஒண்ணுதான். கட்டின நாள்லருந்து நான் எத்தனை திருத்தியும் நீலத்தப் பச்சைன்னுதான் சொல்லுவாவ. அது எனக்கும் அவுகளுக்கும் மட்டும்தான் தெரியும்."

நாற்பத்தைந்து வயதுப் பிரகாசி, டைப்ரைட்டர்களுக்கு நடுவில், பெண்பிள்ளைகள் உட்காரும் அந்தச் சின்ன ஸ்டூலில், பத்தொன்பது வயதில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழவில்லை. மச்சாது அவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி, அவள் எழுந்து போகிறவரை அப்படியே நின்றார்.